தேயாத பூச்சும் வீங்காத விரலும்

"சார், ட்ரில் பிட்டு பன்னெண்டுதானே உள்ளே போட்டோம்? பதிமூணு வந்திருக்கு!"

உலோகப் பூச்சு பூசும் ஸ்பட்டரிங் இயந்திரத்தின் கதவைத் திறந்த டெக்னீஷியன் கத்தியதும் விஞ்ஞானி எட்டிப் பார்த்தார். பதிமூன்றாவது, அவருடைய கல்யாண மோதிரம்.

வேலைக்கு முன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்பது லேப் விதி. கழற்றினார். வைத்த இடம்தான் தப்பு: ட்ரில் பிட்டுகளின் தட்டு. காற்றே இல்லாத எஃகு அறைக்குள் டைட்டானியமும் அலுமினியமும் அணு அணுவாகத் தெறித்துப் படிந்ததில், மோதிரம் அடுப்புக்கரி நிறத்தில் வெளியே வந்திருந்தது.

"சூப்பரா ஒட்டியிருக்கு சார். பத்து வருஷம் தேயாது."

"தேயணும்யா! மாமனார் கண் கலங்கிக்கிட்டே போட்டுவிட்ட மோதிரம்!"

தேயாத பூச்சுக்காகவே ஆயுசைத் தேய்த்த மனிதர், அன்று முழுக்க அதைத் தேய்த்தார். உப்புத்தாள் மொட்டையானது. மோதிரம் அசரவில்லை.

வீட்டில் மனைவி வெறும் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"மோதிரம் எங்கே?"

"விரல் வீங்கிடுச்சு. கழட்டி லேப்ல வெச்சிருக்கேன்."

"வீக்கமே தெரியலையே?"

"உள்வீக்கம்."

உள்வீக்கத்துக்குக் களிம்பு தடவி, பல்பு அளவுக்குக் கட்டுப் போட்டாள். போட்ட கையோடு ஊருக்கு போனும் போட்டாள்.

"அப்பா பதறிட்டாருங்க. ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றாராம்."

விஞ்ஞானிக்கு நிஜமாகவே எங்கோ வீங்கியது போலிருந்தது.

மறுநாள் வேறு வழி பார்த்தார். டைட்டானியம் நைட்ரைடு அசல் தங்க நிறம். கறுப்புக்கு மேலேயே அதைப் பூசிவிட்டால்? ஆனால் கட்டுப் போட்ட விரலால் நைட்ரஜன் குமிழைப் பக்குவமாகத் திருக முடியவில்லை. வாயு கூடிப்போய், மோதிரம் வறுத்த காப்பிக்கொட்டையாக வந்தது.

"இதுக்குக் கறுப்பே தேவலாம் சார்," என்றான் டெக்னீஷியன்.

"வாயை மூடிட்டு பம்ப்பை ஓட்டு!"

சனிக்கிழமை கட்டைப் பிய்த்தெறிந்தார். நைட்ரஜனைக் குறைத்து இன்னொரு பூச்சு. கதவு திறந்தது. தகதக! கல்யாணத்தன்றுகூட மோதிரம் இப்படி மின்னியதில்லை.

ஞாயிறு காலையில் மாமனார் வந்து இறங்கினார். மகள் காப்பி போட உள்ளே போனதுதான் தாமதம், மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோதிரத்தை நகத்தால் சுரண்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். முகம் இருண்டது.

விஞ்ஞானி விரலை மெல்ல உருவிக்கொண்டார்.

"மாமா, மறைக்க விரும்பலை. இந்த மோதிரத்துல ஒரு தப்பு நடந்து போச்சு..."

"ஐயோ, தப்பு என்னோடது மாப்ள!" மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து குட்டி டப்பா ஒன்றை எடுத்து அவர் கையில் திணித்தார். "விரல் வீங்கிடுச்சுன்னு சொன்னப்பவே புரிஞ்சு போச்சு, கவரிங் உங்களுக்கு ஒத்துக்கலை. சத்தம் போடாம மாத்திக்குங்க, இது அசல் தங்கம்!"