உறுப்பினர் தமக்கே அனுப்பிய நோட்டீஸ்

மனித உரிமைகள் உலகில் தோன்றி எத்தனையோ காலம் ஆகியும் அவற்றுக்கு ஒரு விடிவு பிறக்கவில்லை. பதினேழாவது வார்டின் நகரமன்ற உறுப்பினர் பதவியேற்ற பிறகுதான் அவை நிம்மதியாக மூச்சு விட்டன. இதை அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

பதவிக்கு வருமுன் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ஒரு மனித உரிமை அமைப்பில் கண்டன அறிக்கை எழுதினார். நகரமன்றத்தைக் கண்டித்தவையே அவற்றில் பாதி. 'வன்மையாக' என்ற சொல்லை எந்த இடத்தில் வைத்தால் அதிகம் வலிக்கும் என்று கேட்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவருடைய பெயரோடு அந்த அனுபவம் முழுவதும் அலுவலக வாசலில், ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கனத்த மரப்பலகையில், பித்தளை எழுத்துகளாகப் புடைத்து நின்றது.

அந்த வார்டுத் தையல்காரி ஒருத்தி அதை முழுவதும் வாசித்தாள். நம்பிக்கை வந்தது. உள்ளே போனாள்.

"எங்க வாசல்ல சாக்கடை மூடி உடைஞ்சு நாலு மாசம் ஆச்சு சார். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலில இருக்கார். எதிர்லயே அவரோட வாட்ச் ரிப்பேர் கடை. போக முடியல. உள்ளேயே கிடக்கிறார்."

உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கிற்று.

"விசாரணை இல்லாம நாலு மாசம் அடைச்சு வெச்சிருக்காங்களா?"

"யாரும் அடைக்கல சார். மூடி இல்ல, அவ்வளவுதான்."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"யாரு சார்?"

"அதிகாரத்துல இருக்கிறவங்க."

அவள் உதவியாளரைப் பார்த்தாள். உதவியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நானே ஒரு பலகை போட்டேன் சார். ஆக்கிரமிப்புன்னு உங்க ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு கல்லு போட்டா போதும். அவர் சும்மா இருக்க மாட்டேங்கிறார். சுவர்க் கடிகாரத்தை ஒன்பது தடவை பிரிச்சு மாட்டிட்டார். இப்ப என் தையல் மெஷினையே பார்த்துக்கிட்டிருக்கார்."

"கல்லு போடறது நிர்வாகம்மா," என்றார் உறுப்பினர் கனிவாக. "நான் உரிமை."

அன்றே அவர் எழுதிய அறிக்கை அமைப்பின் பெயரில் வெளிவந்தது. 'பதினேழாவது வார்டு உறுப்பினரின் ஈவிரக்கமற்ற அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.'

"சார், அந்த உறுப்பினர் நீங்கதான்," என்றார் உதவியாளர்.

"அதுக்காக விட்டுட முடியுமா? ஆள் பார்த்துக் கண்டிக்கிற பழக்கம் எங்கிட்ட கிடையாது."

அடுத்த வாரம் அமைப்பின் உண்மை அறியும் குழு வந்தது. மூன்று பேர். சாக்கடையை நீளவாக்கில் அளந்தார்கள், அகலவாக்கில் அளந்தார்கள். தாண்டிக் குதித்து உள்ளே வந்து கணவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்.

"பயப்படாம சொல்லுங்க. உங்களுக்கு இங்க ஏதாவது கொடுமை நடக்குதா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். "மெஷினைத் தொட விட மாட்டேங்கிறா."

'தொழில் செய்யும் உரிமை மறுப்பு' என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு முறைப்படி பதினைந்து நாள் நோட்டீஸ். உறுப்பினர் அதைப் பதிவுத் தபாலில் தமக்கு அனுப்பினார். தாமே கையெழுத்துப் போட்டு வாங்கினார். பதினைந்து நாளும் பதில் வரவில்லை.

"என் அனுபவத்துல இப்படி ஒரு திமிர் பிடிச்ச ஆளைப் பார்த்ததே இல்ல," என்றார் அவர். உதவியாளர் அதை மறுக்கவில்லை.

இந்தப் பதினைந்து நாளில் தையல் மெஷின் ஒரு முறை பிரிக்கப்பட்டு மாட்டப்பட்டது. ஒரு திருகு மிச்சம். அதன்பின் மெஷின் முன்பக்கம் தைப்பதை நிறுத்திவிட்டுப் பின்பக்கமாகத் தைக்கத் தொடங்கியது. அவளுக்கு வந்த துணிகள் வந்தபடியே அடுக்கில் கிடந்தன.

பதினாறாம் நாள் காலை உறுப்பினர் உண்ணாவிரதம் தொடங்கினார். கொடுமை நடக்கும் இடத்திலேயே உட்கார வேண்டும் என்பது அமைப்பின் மரபு. ஆகவே வாடகை மேடை தையல்காரியின் வாசலில், சாக்கடைக்கு மேலேயே போடப்பட்டது. தெருப் பக்கம் ஏறி வர ஒரு சரிவு. அலுவலகத்துப் பலகையும் கழற்றிக் கொண்டுவரப்பட்டுச் சுவரில் சாத்தப்பட்டது. உண்ணாவிரதம் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது.

"சார், கொஞ்சம் காலை மடக்கிக்கங்க," என்றார் கணவர்.

உறுப்பினர் மடக்கினார். சக்கர நாற்காலி மேடையைக் கடந்து, சரிவில் இறங்கி, தெருவைத் தாண்டிப் போய்க் கடை வாசலில் நின்றது. நாலரை மாதத்துக்குப் பிறகு ஷட்டர் மேலே போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஓடி, மிச்சத் திருகைத் தேடினாள்.

மாலை ஐந்து மணிக்கு உறுப்பினர் பேச்சுவார்த்தைக்கு இணங்கினார். மேடையில் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். மாறி மாறி உட்கார்ந்தார். ஒரு கட்டத்தில் வாக்குவாதம் முற்றி வெளிநடப்பு செய்தார். சமாதானப்படுத்தி அழைத்து வந்தார். முடிவில் கோரிக்கை 'கொள்கை அளவில்' ஏற்கப்பட்டது. தமக்குத் தாமே பழச்சாறு கொடுத்துக் காரில் ஏறினார். வாடகைக்காரர்கள் மேடையைப் பத்து நிமிடத்தில் பிரித்துக் கொண்டுபோனார்கள்.

ஏழு மணிக்குக் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் அவள். நடுவில் சாக்கடை.

அவள் உறுப்பினருக்குப் போன் செய்தாள்.

"சார், இப்ப அவர் உள்ள வர முடியல."

மறுமுனையில் கோப்பு புரளும் சத்தம் கேட்டது.

"முன்னாடி வெளிய வர முடியலன்னுதானேம்மா சொன்னீங்க?"

"ஆமா சார்."

"அது ஜெயிச்சாச்சு. இது வீடு திரும்பும் உரிமை. புது வழக்கு. நோட்டீஸ் கொடுத்துட்டு வந்துடறேன். பதினஞ்சு நாள் அவரைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

அவள் போனை வைத்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். வாடகைப் பட்டியலில் இல்லாததால் பலகையை யாரும் எடுத்துப் போகவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"இதையும் ஆக்கிரமிப்புன்னு தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களாம்மா?"

"அவர் பேர் இருக்குல்ல அண்ணே. யார் கை வைப்பா?"

"எழுத்து மேல இருக்கட்டுமா, கீழயா?"

"மேல இருக்கட்டும். சக்கரம் வழுக்காது."

கணவர் ஏறினார். 'மனித உரிமை' மீது சக்கரம் சற்று இடறிற்று. 'இருபத்திரண்டு ஆண்டு அனுபவம்' நல்ல பிடிமானம். வீட்டுக்குள் வந்ததும் அவர் மெஷினைக் கேட்டார். திருகோடு கொடுத்தாள்.

பலகை இன்றும் அங்கேதான் இருக்கிறது. உறுப்பினர் வார்டுக்கு என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், அந்தத் தெருவில் காலுக்குக் கீழே பார்க்கச் சொல்கிறார்கள்.