காயும்வரை கால் வைக்காதீர்கள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் நலமாக உட்கார்ந்தபடி எழுதிக்கொண்டது. உன் நலமும், உன் மனைவி மக்கள் நலமும், திரும்பும் உத்தேசமே இல்லாமல் அங்கே தங்கியிருக்கும் உன் அக்காவின் நலமும் அறிய ஆவல். நிற்க. நிற்கத்தான் முடியவில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். நான் கூப்பிட்டால் நீ உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது, அந்த மூச்சிலேயே கோபம் தெரிகிறது. அப்புறம் எனக்கு வாய் வருவதில்லை.

அவள் உன்னிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். அன்றைக்கு அவள் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள். "என்னைச் சுத்தித் துடைச்சுக்கோ, நான் ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றேன். இதில் என்னப்பா தப்பு? எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னேன்! அதற்குப் போய் துடைப்பானை வாளியில் போட்டுவிட்டு, "இந்தத் தரையும் நீங்களும் சேர்ந்து குடித்தனம் பண்ணுங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆட்டோ ஏறும் வரைக்கும் நான் எழுந்து வருவேன் என்று பார்த்தாளாம். எனக்கெப்படித் தெரியும், சொன்னால்தானே?

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. டீ போட்டால் டீ மாதிரி இல்லை. டி.வி.யில் என்ன ஓடினாலும் திட்டிப் பேச ஆள் இல்லை. உன்னிடம் மறைப்பானேன், அவள் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை. உட்கார்ந்து ஆற அமர யோசித்ததில், குற்றம் முழுக்கத் தரையின் மேல்தான் என்று தெளிவாகிவிட்டது. பழைய மொசைக், எத்தனை துடைத்தாலும் அழுக்காகவே தெரியும். துடைக்கவே தேவையில்லாத தரையாக ஆக்கிவிட்டால் சண்டைக்கே இடமில்லை அல்லவா? தரை பாலிஷ் போடுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன்.

இன்று காலையில் மேஸ்திரியும் அவருடைய ஆட்களும் ஒரு மெஷினோடு வந்தார்கள். ரோடு போடுகிற வண்டி போட்ட குட்டி மாதிரி இருந்தது. சாமான் எல்லாம் மாடிப்படிக்குப் போனது. சோபா பாதிப் படியில் மாட்டிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது. "சார், அந்த நாற்காலியையும் வெளியே போட்டுடலாமா?" என்றார் மேஸ்திரி. "நாற்காலி இருக்கட்டும்." "அப்ப நீங்க?" "நானும் இருக்கேன்." அவர் ஆட்களைப் பார்த்தார், ஆட்கள் மெஷினைப் பார்த்தார்கள். நான் ஆபீசில் இருந்த காலம் பூராவும் பார்த்தது மேற்பார்வை வேலை என்பது உனக்குத் தெரியும். மேற்பார்வை பார்க்கிறவன் எழுந்துவிட்டால் வேலை கெட்டுவிடும். அதை அவருக்கும் விளக்கினேன். "உங்க இஷ்டம் சார்" என்று மெஷினைப் போட்டுவிட்டார். அதன் பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, நல்லதாகவே பேசியிருப்பார்கள்.

என்னைச் சுற்றித் தேய்த்தார்கள். என் முழங்கால் வரைக்கும் மாவு மாதிரி ஒரு சேறு தெறித்தது. கழுவினார்கள், துடைத்தார்கள், கடைசியாக ஒரு கோட்டிங் போட்டார்கள். உள்மூலையில் ஆரம்பித்து வாசலைப் பார்க்கப் பின்வாங்கிக்கொண்டே போவதுதான் தொழில்முறையாம். என்ன நேர்த்தி என்று ரசித்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் வாசலுக்கு வெளியே போய் நின்ற பிறகுதான், உள்ளே பாக்கி இருப்பது நான் ஒருவன் என்று உறைத்தது. "சார், காயற வரைக்கும் கால் வைக்காதீங்க. சாயங்காலம் ஆயிடும். வெச்சா அச்சு விழுந்துடும், அப்புறம் மொத்தத்தையும் சுரண்டிட்டு மறுபடி போடணும்" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் காத்திருந்தார். "சரி, போயிட்டு வாங்க" என்றேன். வேறென்னப்பா சொல்வது, என் மரியாதை என்னாவது?

ஆக, நடு ஹாலில் இருக்கிறேன். மடியில் இந்த லெட்டர் பேடு, உன் விலாசம் எழுதி ஸ்டாம்பும் ஒட்டிய உறை. வேலை முடிந்ததும் உனக்கு எழுதலாம் என்று தயாராக வைத்திருந்தது நல்லதாயிற்று. கொஞ்ச நேரம் முன்னால் கீழ்வீட்டு அம்மா சோபா இடுக்கில் நுழைந்து மேலே வந்தார். "ஏங்க, படியில சோபாவை வெச்சா மொட்டை மாடிக்கு நாங்க பறந்தா போறது?" என்றார். சாயங்காலம் எடுத்துவிடுகிறேன் என்றேன். "அதென்ன நட்ட நடுவுல உட்கார்ந்திருக்கீங்க?" "மேற்பார்வைங்க." "ஆளே இல்லையே, யாரை?" நான் பேடைப் பார்த்து மும்முரமாக எழுத ஆரம்பித்தேன். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன கையோடு போன் அடித்தது. போன் சமையலறையில், மேடையின் மேல். உன் அக்காவின் நம்பருக்கு மட்டும் தனி மணி, அவளே வைத்துக் கொடுத்தது. போனதிலிருந்து இன்றைக்குத்தான் அவளாகக் கூப்பிடுகிறாள். ஐயோ, நான் காலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கால் தூக்கியபடியே நிற்கிறது. கீழே வைத்தால் தரை போச்சு, தரை போனால் அவளிடம் எதைக் காட்டிக் கூப்பிடுவேன்? வைக்காவிட்டால் போன் போச்சு, வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்துவிடுவாள். நான் முடிவு பண்ணுவதற்குள் மணி நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. இந்த வரியை எழுதும்போதும் அடிக்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: இது கிடைத்ததும் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல். தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது, மருந்துக்குக்கூட ஒரு தடம் கிடையாது. இனிமேல் சோப்பு வேண்டாம், ஈரம் வேண்டாம், காய்ந்த துணியால் ஒரு தள்ளு தள்ளினால் போதுமாம், அவள் குனியவே வேண்டியதில்லை. நாற்காலிக்கு அடியில் மட்டும் பழைய தரை அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லாதே. அங்கே எப்போதும் நான்தான் இருப்பேன் என்பதால் வெளியே தெரியாது. வேலை முடியும் வரை அத்தான் நின்றுகொண்டே இருந்தார் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல். எப்படியாவது அவளை அனுப்பி வை.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. உறையில் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதே என்றுதான் அனுப்புகிறேன். போனை எடுக்கவில்லை என்றதும் உன் அக்கா பதறியடித்துப் பஸ் ஏறியிருக்கிறாள். சோபாவைத் தாண்டி எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை, வாசலில் வந்து நின்றாள். "கால் வைக்காதே, இன்னும் காயலை!" என்று கத்தினேன். "உயிரோடதான் இருக்கீங்களா? அப்ப போனை எடுக்க என்ன கேடு?" என்று கேட்டபடி செருப்புக் காலோடு நேராக நடந்து வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள், இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது தெரியுமா! சாயங்காலம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்த மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். வாசலிலிருந்து என் வரைக்கும் அவள் அடிகள் ஒவ்வொன்றும் அச்சு அச்சாக விழுந்திருக்கின்றன. "சுரண்டிட்டு மறுபடி போட்டுத் தர்றேன் சார்" என்று குனிந்தார். நான் எழுந்துபோய், அதைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.