சல்லடை சாரும் மூன்றாவது ஆளும்

மனிதர்களைவிட மனிதர்களின் எச்சிலுக்கு அதிக மரியாதை கொடுத்தவர், இந்தக் கரிசல் சீமையிலேயே எங்கள் சல்லடை சார் ஒருவர்தான்.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே நான் ஆய்வக உதவியாளன், தற்காலிக வேலை. சார் செய்துகொண்டிருந்தது நகத்தளவு ரப்பர் சில்லு. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால், அதில் பொடிப்பொடியாகத் தூண்கள். குற்றம் நடந்த இடத்துக் கறையில் ஒருவர் ரத்தமும் இன்னொருவர் எச்சிலும் கலந்திருந்தால், அதைக் கரைத்து இதற்குள் விடுவார். சல்லடையில் சலித்ததுபோல் செல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்; சாருக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

“பெரியவிய தூணுகிட்ட நின்னுக்கிடுவாவ. சின்னவிய இடையில பூந்து போயிருவாவ. நாம அவியள அவசரப்படுத்தப்பிடாது” என்பார். செல்லுக்கு இவ்வளவு மரியாதை! என்னைக் கூப்பிடுவது மட்டும் “ஏலே!”

தூசி அவருக்குப் பரம எதிரி. ஆடிக் காற்றில் கரிசல் மண் பறக்கிற ஊரில் தூசியில்லாத அறைக்கு எங்கே போவது? கதவிடுக்கில் ஈரச்சாக்கு. உள்ளே வருகிறவர்கள் கால் கழுவ வேண்டும். கல்லூரி முதல்வர் வந்தபோதும், “கழுவிட்டு வாங்க சார்” என்று செம்பை நீட்டினார். முதல்வர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் கழுவினார்!

ஒருநாள் தடயவியல் அதிகாரி ஒருவர், இரண்டு பேர் மாதிரியைக் கலந்து சோதனைக்குக் கொண்டுவந்தார். ஒருவர் ரத்தம், இன்னொருவர் எச்சில். சில்லில் ஏற்றியது நான். பிரித்ததை அவரே எடுத்துப்போனார். பிறகு மரபணுச் சோதனை முடிவோடு வந்தார். ரத்தப் பக்கம் ஒரே ஆள், அப்பழுக்கில்லை. எச்சில் பக்கம்தான் இரண்டு பேர். ஆக மொத்தம் மூன்று!

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “ஏத்துனது நீதானப்பா? எச்சிக்கையோட வந்தியா? நாளையில இருந்து வர வேண்டாம்.”

வீட்டில் மனைவி நிறைமாதம்.

சார் எழுந்தார். “அவன் இல்ல சார். இவன் வெளிய போன நேரம், சில்லுக்குப் போற குழாயில காத்துக்குமிழி அடைச்சிட்டு. கடலைத் தொலிய ஊதுத பழக்கத்துல வாய வச்சு ஊதிட்டேன். மூணாவது ஆள் நான்தான்.”

அடப்பாவமே! உள்ளங்கையில் கடலையைத் தேய்த்து ஊதியே வளர்ந்த எங்கள் ஊர் வாய், ஆய்வகத்திலுமா சும்மா இருக்கும்?

அதிகாரி நம்பவில்லை. சார் ஆவென்று வாயைத் திறந்து எச்சிலை எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் அது பொருந்திவிட்டது. என் வேலை தப்பியது. ஆய்வகப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

“பேசாம இருந்திருக்கலாமே சார், யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன்.

“செய்யாதவன் மாட்டக் கூடாதுன்னுதானலே இந்தச் சில்லையே செய்யுதேன். உன்னை மாட்டிவிட்டுட்டு இதை வச்சு என்ன செய்ய?”

வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே எழுந்து, சாரின் அறைக்குள் போகிற மாதிரி செம்பில் தண்ணீர் மொண்டு கால் கழுவிவிட்டு வந்துதான் மீதியைச் சொன்னேன்.