மாமனாருக்காக நான் காய்ச்சிய கோதுமை பீர்

காரைக்காலில் இருந்துகொண்டு வீட்டில் பீர் காய்ச்சுகிறவனைப் பற்றி யாரும் நல்லவிதமாக நினைக்க மாட்டார்கள். மண்டபத்தூரில் கடலைப் பார்த்த வீட்டில் குடியிருந்துகொண்டு, குழம்புக்கு வேண்டுமென்று பக்கெட்டில் மீன் வளர்ப்பது மாதிரிதான் அது. நாகப்பட்டினத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் பஸ் பிடித்து ஆட்கள் எங்கள் ஊருக்கு வருவதே கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பாட்டில்களுக்காகத்தான் (திருநள்ளாற்றுக்கு வருகிற பக்தர்கள் மன்னிக்கவும்). அப்படிப்பட்ட ஊரில் தெர்மாமீட்டரும் கையுமாக நான் அடுப்படியில் நின்றதற்குக் காரணம் என் மாமனார்.

மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு பென்ஷன், இஸ்திரி போட்டது போன்ற மீசை. செலின் அவருக்கு ஒரே மகள். என்னுடன் கல்லூரியில் படித்தவள். சுரக்குடியில் வயல் வைத்திருந்த இந்துக் குடும்பத்துப் பையனை அவள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, மாமனார் தன் வீட்டு வாசலைக் கழுவிவிடச் சொன்னாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பேத்தி நிலா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறை வாசலில் நின்று பார்த்தார். போய்விட்டார்.

கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் பேசுவார். ஆனால் என்னிடம் இல்லை. நான் பக்கத்திலேயே நிற்கும்போது மகளைப் பார்த்து, "அவர வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு" என்பார். செலின் என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்க வேணாமாம்" என்பாள். நான் செலினைப் பார்த்து, "சரின்னு சொல்லு" என்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் மாமியாரிடமிருந்து போன் வந்தது. "மாமா மனசு கொஞ்சம் எளகியிருக்கு தம்பி. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு சாப்புட வரோம்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாதாரண நாளிலேயே எனக்கு உட்காரத் தெரியாது. இட்லி வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்து அதை வேகவிடாமல் செய்கிற ஆள் நான். நிலா பிறந்த அன்று பிரசவ வார்டு வாசலில் நான் நடந்த நடையைப் பார்த்து, நர்ஸம்மா முதலில் என்னைப் பிடித்து உட்காரவைத்து எனக்கு பிரஷர் பார்த்தார்.

"உங்க அப்பாவுக்கு என்னதான் பிடிக்கும்?" என்று செலினைக் குடைந்தேன்.

"கோதுமை பீர். பிரான்ஸ்ல இருந்தப்ப அதுதான் குடிப்பாங்களாம். பிளான்ஷ்னு சொல்வாங்க. இங்க கடையில கிடைக்கிறதெல்லாம் தண்ணின்னு திட்டிக்கிட்டே இருப்பாங்க."

போதாதா எனக்கு? பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில், பீரை அங்கேயே காய்ச்சிக் கொடுக்கும் ஒரு கடையில் கோதுமை பீர் குடித்திருக்கிறேன். அதிலும் ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட ரகம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கும் பச்சைப் பூ. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுப்பது அதுதான். ஊர் திரும்பிய பிறகு அந்த ருசி நாக்கை விட்டுப் போகவே இல்லை. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை என்பதால், வேலை நேரத்தில் வேலையைத் தவிர எல்லாவற்றையும் படித்தேன். ஜெர்மன்காரன் கோதுமை பீரில் ஈஸ்டை வைத்தே வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரவழைக்கிறான். பெல்ஜியக்காரன் கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறான். அமெரிக்காக்காரனுக்கு எதுவும் போதாது, அதே கோதுமை பீரில் ஹாப்ஸை அள்ளிக் கொட்டுகிறான். நான் அமெரிக்காக்காரன் பக்கம் சாய்ந்தேன்.

"அப்பாவுக்குக் கசப்பு ஆகாதுங்க" என்றாள் செலின்.

"இது வேற கசப்பு."

"கசப்புல என்ன வேற கசப்பு? அதோட, இதெல்லாம் வீட்டுல காய்ச்சலாமா? கலால் ஆபீஸ்காரங்க வந்தா என்ன பதில் சொல்வீங்க?"

"மாமனாருக்குன்னு சொல்வேன். அவங்களுக்கும் மாமனார் இருப்பாங்கல்ல?"

முளைகட்டிக் காயவைத்த கோதுமையும் பார்லியும், ஈஸ்டும், ஹாப்ஸும் கூரியரில் வந்தன. ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்த செலின், "நார்த்தை இலையையும் பாகற்காயையும் ஒண்ணா அரைச்ச மாதிரி இருக்கு" என்றாள். எங்களோடு இருக்கும் என் அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கோதுமைக் கஷாயம் என்றேன். ஜீரணத்துக்கு நல்லது என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

காய்ச்சுகிற கலை என்னவோ எளியதுதான். உடைத்த தானியத்தைக் கை பொறுக்காத சூட்டில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இறங்கிய இனிப்புத் தண்ணீரை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். ஆறவைத்து, கேனில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு மூட வேண்டும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று சாராயமாகவும் காற்றாகவும் மாற்றும். அது தின்று முடித்து அடங்கிய பிறகு, துளி சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தால் நுரைக்கத் தேவையான காற்று உள்ளேயே உண்டாகும். இதில் மனிதன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்றே ஒன்று. சும்மா இருப்பது.

அதுதான் எனக்கு வரவில்லை. கேனின் மூடியில் சொருகிய குழாய் வழியாகக் காற்று புளுக் புளுக் என்று வெளியேறும். நான் மீட்டிங்கில் இருக்கும்போது அந்தச் சத்தம் நின்றுவிட்டால் எழுந்து ஓடுவேன். நிற்கவில்லை என்றால் ஏன் நிற்கவில்லை என்று ஓடுவேன். காரைக்கால் வெயிலுக்கு ஈரச் சாக்கைச் சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன். ஹாப்ஸ் போதாதோ என்று இன்னும் ஒரு கை போட்டேன். (மீதி இருந்ததை வீணாக்குவானேன் என்று அதையும் போட்டேன்.)

அந்த நேரத்தில் மாமியாரிடமிருந்து மறுபடியும் போன். "தம்பி, அடுத்த மாசம்னா மாமா மனசு மாறினாலும் மாறிடும். இந்த ஞாயித்துக்கெழமையே வந்துடுறோம்."

கேன் இன்னும் புளுக் புளுக் என்றுகொண்டிருந்தது. ஈஸ்ட் சாப்பாட்டில் பாதிகூட முடிக்கவில்லை. அது முடிக்கட்டும் என்று விடுவதுதான் முறை. நான் அன்றைக்கே பாட்டில்களில் அடைத்தேன். சீக்கிரம் நுரைக்கட்டும் என்று சர்க்கரையைத் துளியாகப் போடாமல் தாராளமாகப் போட்டேன். மூடி போட்டு இறுக்கினேன். ஒரு நாள் வெளியே நுரைக்கவிட்டேன். பிறகு, குளிரில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும் என்று படித்திருந்ததால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் வெள்ளை அரைக்கைச் சட்டையில் வந்து, வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தார். மாமியார் பட்டுப் புடவையில் வந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். தரையில் நிலா தவழ்ந்துகொண்டிருந்தாள். மாமனார் அவளை ஓரக்கண்ணால் பார்ப்பதும், நாங்கள் பார்த்தால் மின்விசிறியைப் பார்ப்பதுமாக இருந்தார். தூக்கவில்லை. ஒரு தடவை அவள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் கை லேசாக நீண்டது. பிறகு மீசைக்குப் போய்விட்டது.

"குடிக்க எதாவது கொண்டாரட்டுமான்னு அப்பாகிட்ட கேளு" என்றேன் செலினிடம். கேட்பதற்குள் நானே எழுந்து ஹால் மூலையில் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

உள்ளே பெரிய பாத்திரத்தில் மசாலா தடவிய வஞ்சிரம், தயிர், கேக். பாட்டில் ஒன்றுகூட இல்லை.

"அம்மா, இங்க இருந்த பாட்டிலெல்லாம் எங்க?"

"மீன் வைக்க எடமில்லடா. காலையிலேயே எடுத்துட்டேன். அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கேன்."

"அடுப்புப் பக்கத்துலயா?"

"கஷாயம்னா சூடா இருந்தாத்தானே நல்லது?"

அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. நான் சமையலறைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

முதல் பாட்டில் வெடித்தது.

பட்டாசுச் சத்தம் என்று சொன்னால் குறைவு. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கண்ணாடித் துண்டுகள் பாத்திரங்களில் போய் விழும் சத்தம் அடங்குவதற்குள் மாமனார் நாற்காலியில் இல்லை. தரையில் இருந்தார். கூடை மாதிரி உடம்பை வளைத்து, நிலாவை நெஞ்சுக்குக் கீழே மூடிக்கொண்டு, வீடு இடிகிற குரலில் கத்தினார்.

"ஆ தேர்! ஆ தேர்!"

பிரெஞ்சில் அதற்குத் தரையில் படு என்று அர்த்தம். செலினும் மாமியாரும் அடுத்த நொடி குப்புறப் படுத்தார்கள் (அந்த வீட்டில் வளர்ப்பு அப்படி). பிரெஞ்சு தெரியாத நான் அவர்களைப் பார்த்துப் படுத்தேன். என் அம்மாவுக்கும் பிரெஞ்சு தெரியாது. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

"தேரா? இந்தத் தெருவுலயா? வேட்டுப் போடும்போதே நெனச்சேன்!"

தலைப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடிப்போய்க் கைகூப்பி நின்றாள். "தேர் வருதாம்!" என்று எதிர்வீட்டுக்கும் சொன்னாள். எங்கள் வீட்டுக்குள் அடுத்த பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க, தெருவே வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் தேரைத் தேடியது.

சத்தம் சற்று நின்றது. மாமனார் தலையை மட்டும் தூக்கினார். முதல்முறையாக என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"மாப்புள! இன்னும் எத்தன பாக்கி?"

கல்யாணமாகி இத்தனை நாளில் என்னிடம் அவர் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அது. என் கண் கலங்கிவிட்டது. "பாதி இருக்கும் மாமா" என்றேன்.

"என்ன வெடிமருந்து?"

"மருந்து இல்ல மாமா. பீரு. கோதுமை பீரு. உங்களுக்காக நானே காய்ச்சினது."

அவர் நிலாவைச் செலினிடம் உருட்டிவிட்டு, என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். இட்லிப் பானை மூடியைக் கேடயமாகப் பிடித்து, ஈரத் துண்டோடு சமையலறைக்குள் தவழ்ந்தார். முதலில் கையை நீட்டி அடுப்பை அணைத்தார். பிறகு ஒவ்வொரு பாட்டிலாகத் துண்டில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை நெம்பினார். ஒவ்வொன்றும் கூரை வரை பீய்ச்சியது. வீடு முழுக்க நார்த்தை இலை வாசனை. மூடி தெறித்துத் திறந்துகிடந்த பிரியாணியில் கண்ணாடித் துண்டுகள். வஞ்சிரம் மட்டும் ஃபிரிட்ஜுக்குள் பத்திரமாக இருந்தது.

கடைசி பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. மாமனார் ஹெல்மெட்டைக் கழற்றாமல், அதன் முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி, அதைத் துணியில் வடிகட்டி டம்ளரில் ஊற்றிக் குடித்தார். அவர் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். செலின் இன்றுவரை அதற்கு அர்த்தம் சொல்ல மறுக்கிறாள்.

பிறகு தமிழில், "பொறுமை இல்ல மாப்புள உங்களுக்கு" என்றார். மீதியையும் குடித்துவிட்டு, செலினிடம் போய்க் கைகளை நீட்டி நிலாவை வாங்கிக்கொண்டார். அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்வரை கீழே விடவில்லை. வறுத்த மீனும் கடையில் வாங்கிய பரோட்டாவும் சாப்பிட்டபோதுகூட அவர் இடது கை அவளை அணைத்தபடியே இருந்தது.

அதற்குப் பிறகு இந்த நாலைந்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். நான் பீர் காய்ச்சுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்தால், கதவு காற்றில் அறைந்தால், யாராவது சோடா உடைத்தால், "தேர் வருது!" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது அம்மாவின் குரல். தாத்தாவும் பேத்தியும் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அவர் கை தட்டுவார், "ஆ தேர்" என்பார், அவள் குப்புற விழுவாள். இருவரும் சிரிப்பார்கள்.

போன மாதம் நிலாவின் பள்ளியில் விளையாட்டு விழா. யுகேஜி பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம். வாத்தியார் பொட்டு வெடித் துப்பாக்கியைத் தூக்கி டப்பென்று சுட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஓடின. எங்கள் பெண் மட்டும் கோட்டிலேயே குப்புறப் படுத்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் சிரிப்பு. நானும் செலினும் நாற்காலிக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டோம். எங்களுக்குப் பக்கத்தில் மாமனார் மட்டும் விறைப்பாக எழுந்து நின்று, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி தனியாகக் கை தட்டிக்கொண்டிருந்தார்.