இங்க் டாக்டரும் கடுக்காய் மசியும்

பேனாவுக்கும் அஜீரணம் வரும் என்று நம்பிய மனிதர் அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மண்டியில் கணக்கு எழுதினார். இந்தப் பெருமையில் பங்கு கேட்டு வேறு எவரும் வந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், விழுப்புரத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிற ஒரு மல்லாட்டை மண்டியில் நான் குமாஸ்தா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊருக்கு அவர் இங்க் டாக்டர். தங்க நிப்பு வைத்த ஒரு பேனா எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். யார் புது மைப்புட்டி வாங்கினாலும் முதலில் வெயிலில் தூக்கிப் பிடித்து, அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். பிளாட்டிங் பேப்பரில் ஒரு சொட்டு விட்டு, அது பரவி ஓய்கிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். கடைசியில் தீர்ப்பு வரும். பெரும்பாலும், "இது ஆவாதுங்க" என்பதுதான்.

கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடைக்காரர் பேனாவுக்கு மை நிரப்பிக் கொடுப்பார். மிச்சம் மீதி மையை எல்லாம் ஒரே புட்டியில் கொட்டி வைத்திருப்பார். டாக்டர் கடைக்கு எதிரிலேயே நின்று வருகிறவர்களை மடக்குவார்.

"ரெண்டு இங்கு கலந்தா உள்ள போயி பாலாட்டம் திரிஞ்சிக்கும்ங்க. அப்பறம் பேனா மூச்சு வுடாது."

"யோவ் டாக்டரு, காலங்காத்தால பேஜாரு பண்ணாத! ஜல்தியா எடத்த காலி பண்ணு" என்று கடைக்காரர் கத்துவார். டாக்டர் அடுத்த கடை நிழலுக்கு நகர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

முதலாளியையும் விட்டதில்லை. நல்ல கறுப்பாக இருக்கிறதே என்று ஒருநாள் முதலாளி, படம் வரைகிற மையைத் தம் பேனாவில் ஊற்றிவிட்டார்.

"இதுல அரக்கு கலந்துக்கீதுங்க மொதலாளி. கதவுக்குப் பூசுறத பேனா வயித்துல ஊத்திக்கினா அது இன்னாத்துக்கு ஆவும்?"

வியாபாரிகள் முன்னால் இப்படிக் கேட்டால் வேறு முதலாளி சீட்டைக் கிழித்திருப்பார். எங்கள் முதலாளி பேனாவை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, "பொழைச்சிக்குமாய்யா?" என்றார்.

ஆயுத பூஜையன்று ஐயர் டாக்டரின் பேனா நிப்பில் சந்தனம் வைக்கப் போனபோது, "சாமி, அடைச்சிக்கும்!" என்று அவர் பாய்ந்ததில் கற்பூரத்தட்டே கவிழ்ந்தது.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகளுக்குத் திண்டிவனத்தில் இடம் அமைந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது முடியவேண்டுமே என்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் மண்டியே ரயிலேறிப் போனது.

பையனின் அப்பா பத்திரம் எழுதுபவர். கடுக்காய், அன்னபேதி உப்பு, கருவேலம்பிசின் போட்டு வீட்டிலேயே மை காய்ச்சுவது அவர்கள் பரம்பரைப் பெருமை. லக்னப் பத்திரிகை எழுத டாக்டர் உட்கார்ந்ததும், சம்பந்தி பீங்கான் கிண்ணத்தில் அந்த மையோடு வந்தார்.

"பொண்ணு வூட்டுப் பேனா, எங்க வூட்டு மசி. ரெண்டும் சேந்து எழுதட்டும்ங்க. நீங்களே ரொப்பிக்கினு எழுதுங்க சம்பந்தி."

அன்னபேதி உள்ளே போய் அரிக்கும், பிசின் அடைக்கும் என்று எங்களுக்கே பாடமாகியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் சம்பந்திக்கு அவமானம். கல்யாணமே நின்றாலும் நிற்கும். நாங்கள் எல்லோரும் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் கிண்ணத்தை வெயிலில் தூக்கிப் பார்க்கவில்லை. மோந்து பார்க்கவில்லை. பேனாவில் இருந்த தம் மையைப் பிழிந்துவிட்டு, நிப்பைக் கிண்ணத்தில் இறக்கி நிறைய உறிஞ்சினார்.

"ரொம்ப நல்லா கீதுங்க சம்பந்தி" என்றார். மை விஷயத்தில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். பிறகு, ஓர் எழுத்துகூடத் திக்காமல் முத்து முத்தாக எழுதி முடித்தார்.

தாம்பூலம் மாறியதும் யாருக்கும் தெரியாமல் கிணற்றடிக்கு விரைந்தார். துணைக்கு நானும் போனேன். அங்கே மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நின்றிருந்தார்.

"எங்கப்பா மசி காய்ஞ்சிதுன்னா பேனா அவ்ளோதாங்க மாமா. என்னுது அப்பிடித்தான் போச்சி. தண்ணி எறைச்சி வெச்சிக்கிறேன். இதுவே போதுங்களா, வெந்நி கொண்டாரட்டுங்களா?"

"பச்சத்தண்ணியே போதும் மாப்ள. வெந்நி ஊத்துனா உள்ள ரப்பர் பை பூடும்." டாக்டர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "தேறிட்டாருய்யா!" என்றார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பேனாவும் பிழைத்தது. ஆனால் கழுத்துப் பக்கம் கசியத் தொடங்கி, டாக்டரின் சட்டைப்பையில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்துவிட்டது. எத்தனை வெளுப்பு வெளுத்தும் போகவில்லை. வேறு சட்டை போடுங்களேன் என்று யாராவது சொன்னால் நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார்.

"கறை இல்லீங்க. சம்பந்தி வூட்டு மசி!"

அந்தச் சட்டையோடு அவர் மண்டிக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். முதலாளி என்ன நினைப்பாரோ என்று பக்கத்தில் பார்த்தால், அவர் ஏற்கெனவே பாதி எழுந்திருப்பார்.