முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மூக்குக்கண்ணாடி

பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த ஆனந்தம் பாயசத்தில்கூட இருந்ததில்லை. டிகிரி முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கரமனை வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் டிவியில் ஒரு மலையாள யட்சித் தொடர் ஓடியது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மோகினிப் பேய்க் கதை. அரண்மனையில் தம்புரானின் தலைக்கு மேலே சுவரில் ஸ்விட்ச் போர்டு. யட்சியின் கூந்தலில் இடப்பக்கம் இருந்த செண்பகப்பூ, அவள் திரும்புவதற்குள் வலப்பக்கம். இப்படி நாற்பத்தொரு தப்புகளைப் பட்டியல் போட்டு டைரக்டருக்கே அனுப்பிவைத்தேன். (கொழுப்புதான்.)

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டு அனுப்பினார்.

"இத்ர கூர்மையான கண்ணு இருந்தா, கண்டின்யூட்டி பாக்க வா மோளே. ஒரு ஷாட்ல இருந்தது அடுத்த ஷாட்ல மாறாம பாத்துக்கணும், அதான் வேலை. ஒரு நாள் பாப்போம். சரியா வந்தா வேலை உனக்கு."

ஷூட்டிங் ஸ்ரீவராகத்தில், ஒரு பழைய வீட்டில். யட்சியாக நடித்த சேச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டுப் பரிப்புவடை தின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்தா ஊரே நடுங்குகிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று அந்திநேரக் காட்சி. யட்சி ஒரு வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தால் அவன் கதை முடிந்தது. வெளிச்சம் பத்து நிமிஷம்தான் நிற்கும் என்பதால் ஒரே டேக். "பூ மட்டும் மாறப்படாது, பாத்துக்கோ" என்றார் டைரக்டர். காமிரா பக்கமிருந்து எனக்குப் பூ தெரியவில்லை. கடமை உணர்ச்சி பொங்க, முற்றத்துத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஆக்‌ஷன்!"

சேச்சி எழுந்தார். அவ்வளவுதான், சேச்சியைக் காணோம். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. கால் தரையில் படுகிறதா என்று குனிந்தே பார்த்தேன், சத்தியமாக. கூந்தலை அவிழ்த்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பியபோது பூவும் மறந்தது, வேலையும் மறந்தது. அப்படியோர் அழகையும் அப்படியொரு பயத்தையும் ஒரே முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. என்னை அறியாமலே தூணைவிட்டு வெளியே வந்திருக்கிறேன்.

"கொறச்சு சுண்ணாம்பு தருமோ?"

வழிப்போக்கன் மடியில் கையை விட்டான். எங்கள் தெருவில் விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, சுண்ணாம்பு எதையும் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது, என்னைக் கேட்காமலே வாயில் வந்துவிட்டது.

"குடுக்காதேங்கோ மாமா! விளக்கு வச்சாச்சு!"

வழிப்போக்கனாக நடித்தவர் சுண்ணாம்பு டப்பியைக் கீழே போட்டார். எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. டைரக்டர் சிரிக்கவில்லை. "தப்பு கண்டுபிடிக்கத்தான் மோளே உன்னைக் கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். வேலை அத்தோடு சரி.

அழுதுகொண்டே செருப்பைத் தேடும்போது சேச்சி கையைப் பிடித்தார். "கரயண்டா குட்டி. இருபது வருஷமா யட்சி வேஷம் போடறேன். நெஜமாப் பயந்த ஆள் நீ மாத்ரம்தான்."

வேறு வழியில்லாமல் டப்பி விழும்வரைக்கும் அந்த டேக்கையே போட்டார்கள். டப்பிங்கில் என் குரலை எடுத்துவிட்டார்கள். முகத்தை யாரும் கவனிக்கவில்லை. வீடே கூடி உட்கார்ந்து பார்த்தோம். யட்சிக்கும் வழிப்போக்கனுக்கும் நடுவே, மூக்குக்கண்ணாடியும் சுரிதாருமாக, வாயைப் பிளந்துகொண்டு நான்.

"நாற்பத்திரண்டு" என்றான் அண்ணா.

இன்றும் விருந்தாளி யாராவது வந்தால் அண்ணா ஃபோனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுவான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சேச்சியைத்தான் பார்ப்பேன். போன வாரமும் அப்படித்தான். அண்ணா படத்தை நிறுத்தி, திரையிலிருந்த என் வாயையும் எதிரே இருந்த என் வாயையும் மாறிமாறிப் பார்த்தான்.

"பரவாயில்லையே, கண்டின்யூட்டி கரெக்டா இருக்கே!"