என் கை எடைபோட்ட நான்கு தட்டுகள்

ஒரு தொழிலில் பேர் வாங்கிவிட்டவனைப் போல ஆபத்தான முட்டாள் ஊரில் வேறு எவனும் கிடையாது. ஒன்றும் தெரியாதவன் நாலு பேரைக் கேட்பான். நிறையத் தெரிந்தவன் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டு போவான். நடுவில் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஒன்றே ஒன்று தெரியும், அதை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் அளப்பான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். தினமும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குத் தெரிந்த அந்த ஒன்று, பட்டுப்புடவை. ஆரணியில் ஒரு ஜவுளிக்காரர் கடையில் சரக்குப் பார்ப்பதும், வருகிறவர்களுக்குப் புடவை எடுத்துக் காட்டுவதும் என் வேலை. முள்ளிப்பட்டிலிருந்து நெசவாளிகள் கொண்டுவரும் புடவையை உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கி, எடை சொல்வேன். பிறகு தராசில் வைத்தால் ஐந்து கிராம் அப்படி இப்படி இருக்கும் (அந்த ஐந்து கிராமும் தராசின் தப்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்). கஞ்சியை ஏற்றிக் கனம் காட்டினாலும் கை கண்டுபிடித்துவிடும். "தராச வித்துடலாம்யா, இவன் கைய மாட்டி வெச்சாலே போதும்" என்று முதலாளி ஒருநாள் நாலு பேர் நடுவில் சொல்லித் தொலைத்தார். மனிதர் சும்மா இருந்திருக்கலாம்.

இனி தட்டு எறியும் விளையாட்டு. கண்ணமங்கலத்தில் தாமோதரன் அண்ணன் என்று ஒருவர். பல வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், தன் மாந்தோப்பில் ஒன்பது இடங்களில் இரும்புக் கம்பம் நட்டு, அதில் சங்கிலி தொங்கும் கூடைகளைப் பற்றவைத்து மாட்டினார். டிஸ்க் கால்ஃப் என்று பெயர். தூரத்தில் நின்று வட்டமான பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுகிறவரை எறிந்துகொண்டே போக வேண்டும். குறைந்த எறியில் முடிப்பவர் கெட்டிக்காரர். எங்கள் தெருப் பால்காரர் இதைக் கேட்டுவிட்டு, "நீயே தூக்கிப் போட்டு நீயே போயி எடுத்துகினு வர்றியா சார்? எங்க வூட்டு நாயி கூட அடுத்தவன் போட்டாதான் எடுக்கும்" என்றார். இதைவிடச் சரியாக அந்த விளையாட்டை இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

நானும் என் மனைவி ரேவதியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தோம். ரேவதி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் ஆறு நாள் அடுத்தவர்கள் போடும் தப்பைத் திருத்துகிறவள். மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாக எறிந்தாள். அண்ணன் கொடுத்த வெளிறிய நீலத் தட்டு ஒன்று அவளிடம் இருந்தது. லேசான தட்டு, அப்பளம் மாதிரி கனமே இல்லை. என் கை அதைத் தூக்கிப் பார்த்த முதல் நாளே 'இரண்டாந்தரம்' என்று முடிவு கட்டிவிட்டது. ஆனால் அவள் எறிந்தால் அது நேராகப் போகும், நிதானமாக இறங்கும், கூடைக்குப் பக்கத்தில் உட்காரும்.

அப்போதுதான் அண்ணன் ஜோடி ஆட்டம் ஒன்றை அறிவித்தார். இருவர் மாறி மாறி எறிய வேண்டும். ஜெயிக்கிற ஜோடி, தோப்பின் சார்பாகப் பெங்களூர்ப் போட்டிக்குப் போகும்.

ரேவதி அன்றிரவு சோறு போடும்போது சொன்னாள். "ஏங்க, ஸ்கூல்ல படிக்கச்சே என்ன ஒரு வெளாட்டுலயும் சேத்ததே கெடையாது. ஓரமா நின்னு மத்த பொண்ணுங்க பையப் பாத்துக்குவேன். இத ஜெயிக்கணும்னு இருக்குது."

கல்யாணமான பதினோரு வருடத்தில் 'எனக்கு இது வேண்டும்' என்று அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பேசாமல் சோற்றைத் தின்றிருக்க வேண்டும்.

"நம்ம சாமான் சரியில்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாரமே புடவைக் கட்டோடு பெங்களூர் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் இந்தத் தட்டு விற்கும் கடையைத் தேடிப் பிடித்தேன். சுவர் முழுக்கத் தட்டு. கடையிலிருந்த பெண் பொறுமையானவள். (அவளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அதனால் அவள்மீதும் கோபம் வருகிறது.)

"எவ்ளோ நாளா ஆடறீங்க சார்?"

"கொஞ்ச நாளா."

"அப்போ இந்த வரிசைல பாருங்க. தட்டு மேல நாலு நம்பர் இருக்கும். முதல் நம்பர் வேகம். புதுசா ஆடறவங்களுக்கு அஞ்சு, ஆறு, மிஞ்சிப் போனா ஏழு. எடையும் நூத்தம்பது கிராம் பக்கம் இருந்தா கைக்கு அடங்கும்."

"அந்த மேல் வரிசை?"

"அது பதிமூணு சார். கை அவ்வளவு வேகமா வரலன்னா அது பறக்காது. வலது கையால எறிஞ்சா அப்படியே இடது பக்கம் சாஞ்சு விழுந்துடும்."

ஒரு மனிதனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்கை கொடுக்க முடியாது. ஆனால் மட்டமான சரக்கை முதலில் எடுத்துப் போட்டு, நல்லதை உள்ளே வைத்திருப்பார்கள் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 'யாரிடம் விளையாடுகிறாய்' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, மேல் வரிசையை இறக்கச் சொன்னேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. ஒவ்வொரு தட்டையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கினேன். "நூத்தி எழுபத்தஞ்சு" என்றேன். அவள் பின்பக்கம் பார்த்து "ஆமா சார்!" என்று வியந்தாள். அந்த வியப்பு என்னைக் கெடுத்தது. தட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். விரலால் தேய்த்துப் பளபளப்புப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்று வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "சாயம் போவாதே?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

நான்கு எடுத்தேன். நான்கும் பதிமூன்று, நான்கும் கனம். பட்டில் கனம் என்றால் இழை கூடுதல், ஜரிகை கூடுதல். தட்டில் மட்டும் எப்படிக் குறைச்சலாகும்? நிறங்கள்: இலைப்பச்சை, அரக்கு, மயில்கழுத்து, பொன். அந்தப் பச்சையை மட்டும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகூர்த்தப் புடவைக்கு அப்படி ஒரு பச்சை அமைந்தால் நெய்தவனைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன்.

புதுசு வந்தபின் பழசு எதற்கு? அடுத்த நாள் முள்ளிப்பட்டுக்குப் போகும்போது ரேவதியின் நீலத் தட்டை எடுத்துப்போய், நெசவாளி ஏகாம்பரத்திடம் நூல் சுற்றிய தார்க்கட்டைகளைப் போட்டு வைக்கக் கொடுத்துவிட்டேன். தறிக்குப் பக்கத்தில் வாகாக உட்கார்ந்தது. ரேவதியிடம் சொல்லவில்லை. திடீரென்று காட்டி அசத்துவது என் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை. தோப்பில் ஏழு ஜோடிகள். ரேவதி பையைத் திறந்தாள்.

"ஏங்க, என் நீலம் எங்க?"

"அது எதுக்கு? புதுசு பாரு!"

"நீலம் எங்கன்னு கேட்டேன்."

சொன்னேன். அவள் பையை மெதுவாக மூடினாள். கணக்கு டீச்சர் பேசாமல் இருந்தால் மதிப்பெண் குறைந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். தாமோதரன் அண்ணன் காதில் விழுந்து, "எங்கிட்ட லேசான தட்டு ஒண்ணு கீதும்மா, தரட்டுமா?" என்றார்.

"வேணாம்ணே, எங்க கிட்டயே ஒசந்தது இருக்குது" என்றது யார்? நான்தான். அவளைக் கேட்டாரே, நீ ஏனடா வாயைத் திறந்தாய்? இன்றைக்கும் அந்த ஆளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

முதல் எறி ரேவதி. பச்சைத் தட்டு. அவள் எப்போதும் போலத்தான் எறிந்தாள். தட்டு பத்தடி போனதும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட உறவுக்காரர் மாதிரி திடீரென்று இடதுபக்கம் திரும்பி, வேலியைத் தாண்டி, பக்கத்து நெல்வயலுக்குள் விழுந்தது.

தேட மூன்று நிமிடம்தான் நேரம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் எறி அபராதம். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினேன். வரப்பில் களைக்கொத்தோடு ஓர் அம்மா நின்றிருந்தார். வயலுக்குச் சொந்தக்காரர்.

"யோவ், கதிரு வர்ற பயிரு! எறங்கின, கால ஒடிப்பேன்! இன்னா தேடிகினு கீற?"

"ஒரு தட்டு விழுந்துடுச்சிம்மா."

"இன்னா தட்டு? இன்னா கலரு?"

"பச்சை."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அரை ஏக்கர் பச்சையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இறங்கி, ஆஸ்பத்திரியில் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்:

"கலரு யாருய்யா எடுத்தது?"

வேலிக்கு இந்தப் பக்கம் ஏழு ஜோடிகளும் கேட்டார்கள். ஒருவர் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று நிமிடம் முடிந்தது. (அந்தத் தட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. நிறம் அவ்வளவு துல்லியமான பச்சை.)

மற்ற மூன்றையும் நீட்டிச் சொல்லும் தெம்பு எனக்கில்லை. அரக்கு, காய்ந்த மாவிலைச் சருகில் விழுந்து சருகாகவே ஆகிவிட்டது. அடுத்து என் முறை. ஆத்திரத்தில் பலம் கொண்ட மட்டும் பொன்னிறத்தை வீசினேன். உச்சிக் கிளையில் போய் மாட்டிக்கொண்டது; கண்ணுக்குத் தெரிந்ததால் அதற்கு மட்டும் அபராதம் இல்லை. மயில்கழுத்து பாசனக் கிணற்றுக்குள் விழுந்தது. மிதக்கும் என்று எட்டிப் பார்த்தேன். நான் தேடித்தேடி எடுத்த அந்தக் கனம், ஒரு குமிழிகூட விடாமல் அடிக்குப் போனது.

கிணற்றடியில்தான் அது நடந்தது.

"யோவ்!"

அந்த அம்மாதான் துரத்திக்கொண்டு வந்துவிட்டார் என்று திரும்பினேன். அம்மா இல்லை. ரேவதி. பதினோரு வருடமாக 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்ட ரேவதி.

"பொடவ எடுக்க வர்ற பொண்ண நிக்க வெச்சி, தோள்ல போட்டுப் பாத்துதானய்யா குடுப்ப? யாருன்னே தெரியாதவளுக்கு அத்தன பொடவ பிரிச்சிப் போடறியே, எறியப் போறது என் கையாச்சே, என்ன ஒரு வார்த்த கேட்டியா? தட்டத் தூக்கித் தூக்கிப் பாத்தியே, என் கையத் தூக்கிப் பாத்தியா? எனக்கு இன்னா வேணும்னு நான் சொன்னது ஜெயிக்கணும்னு. புதுசு வேணும்னு எப்பய்யா சொன்னேன்?"

பதில் ஒன்றைத் தேடி எடுத்திருந்தால் அதையும் தப்பாகத்தான் எடுத்திருப்பேன்.

அவள் நேராக அண்ணனிடம் போய் அந்த லேசான தட்டை வாங்கினாள். பழுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் கீறல். மீதிக் கூடைகளில் அவள் எறிந்ததை நின்று பார்த்தவர்கள் இப்போதும் பேசுகிறார்கள். ஒவ்வொரு எறியிலும் என்னைத்தான் எறிகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கடைசிக் கூடைக்கு நெடுந்தூரத்திலிருந்து எறிந்தாள்; சங்கிலி கலகலவென்று குலுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டை எடுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டே எறி வித்தியாசத்தில் தோற்றோம். அபராதம் மட்டும் மூன்று எறி. கணக்கு டீச்சருக்கு அதை யாரும் கழித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு முன்னால் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது.

அடுத்த முறை அவள் தாமோதரன் அண்ணனின் மனைவியோடு ஜோடி சேர்ந்தாள். தனக்கான தட்டைத் தானே எடுத்தாள்: ஆறாம் நம்பர், நூற்றைம்பது கிராம், பஞ்சுமிட்டாய் ரோஸ். அந்த நிறத்தில் ஒரு புடவை வந்திருந்தால் நெய்தவனோடு பேச்சையே நிறுத்தியிருப்பேன். எங்கே விழுந்தாலும் கண்ணைக் குத்தியது. இருவரும் ஜெயித்துப் பெங்களூர் போனார்கள். அங்கே கடைசியிலிருந்து நான்காவதாக வந்தார்கள். திரும்பி வந்து இறங்கியபோது, மலையைப் புரட்டிவிட்டு வந்தவள் மாதிரி நடந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பை என்ன எடை என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வயல்கார அம்மாவின் கேள்வி எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. சாவி காணாமல் போனால், குழம்பில் உப்பு தூக்கினால், கரண்ட் போனால்கூட, "கலரு யாருய்யா எடுத்தது?" போன மாதம் மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தப் புடவை எடுக்க என் முதலாளியிடமே வந்தார்கள். முப்பது புடவை பிரித்தாயிற்று. நான் ஓரமாக நின்று, வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தாங்கமுடியாமல் ஒன்றைக் காட்டி, "இந்தப் பச்ச நல்லாகீது" என்றேன்.

கல்யாணப்பெண் அந்தப் புடவையை நோக்கி நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை வேடிக்கையாகப் பேசியிராத என் மாமியார், மரியாதையாகக் கேட்டார்:

"மாப்ள, கலரு நீங்கதான் எடுத்தீங்களா?"

சிவப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அது நிஜமாகவே நல்ல பச்சை.